லிஃப்டில் காணாமல் போன சைபர்

என் நாத்தனாரிடம் நேரில் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவேன். மனசுக்குள் அவள் 'அவள்'தான். அதனால் இங்கேயும் அப்படியே சொல்கிறேன். இது அவளுக்கும் தெரியும், அதற்கு வேண்டிய திட்டும் திட்டி முடித்துவிட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு அவள் அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். எங்கள் வீட்டு முன்னறையில் அவளுக்கு ஒரு கட்டில், ஒரு மேஜை விசிறி. அதே அறையின் மறுபாதியில் என் தையல் மெஷினும் துணி வெட்டும் மேஜையும். ஒரே அறையில் இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் வாய் நீளம். மெஷின் சத்தத்தில் தனக்கு ரேடியோ கேட்கவில்லை என்பாள். ரேடியோ சத்தத்தில் எனக்கு அளவே மறந்துபோகிறது என்பேன். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் என் வீட்டுக்காரர்.

அவள் பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டினாள். "லிஃப்ட்ல என்னக்கா ஓட்டறது, பொத்தானை அமுக்கறதுதானே?" என்று ஒருமுறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அன்று முழுக்கப் பாடம். ஸ்ட்ரெச்சர் வந்தால் யாரை இறக்க வேண்டும், சக்கர நாற்காலியை எந்தப் பக்கமாகத் திருப்பி ஏற்ற வேண்டும், மயக்கம் வருகிறவர் முகம் எப்படியிருக்கும், எல்லாம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'லிஃப்டம்மா' என்று பெயர். ஒரு மர ஸ்டூல், எதிரே பொத்தான் பலகை, காலையிலிருந்து சாயங்காலம் வரை மேலே, கீழே. வேலையில் சேர்ந்த வருஷம் அவள் தலையில் ஒரு நரைகூட இல்லையாம். இப்போது எண்ணினால் கருப்பு முடியைத்தான் எண்ண வேண்டும்.

ஒருநாள் சாப்பிடும் நேரத்துக்கு வந்தவள் ரேடியோவைப் போடவில்லை. அப்போதே எனக்குத் திக்கென்றது.

"புது லிஃப்ட் வருதாம்மா. ஆளே வேண்டாமாம். தானா கதவு திறக்குமாம், தானா பேசுமாம்."

"அப்போ உங்களுக்கு?"

"பத்தாவது பாஸ் பண்ணவங்களுக்கு லிஃப்ட் கண்ட்ரோல் ரூம்ல வேலை. பண்ணாதவங்களுக்கு லாண்டரி."

லாண்டரி என்றால் அடித்தளம். பலகையில் மைனஸ் ஒன்று. நாள் முழுக்கக் கொதிக்கும் தண்ணீர், ஆவி, மருந்து நெடி. என் நாத்தனாருக்கு இளைப்பு உண்டு. முன்னொரு தடவை ஆள் வரவில்லை என்று அவளை அங்கே அனுப்பினார்கள். வீடு திரும்பியவள் வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மூச்சு விசில் அடித்தது. அங்கே அவளால் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். சும்மா உட்காருவது அவளுக்கு இளைப்பைவிடக் கஷ்டம்.

பத்தாவது என்பது அவளுக்குப் பழைய சண்டை. தனியாகப் பணம் கட்டி எழுதி, மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டாள். அதற்குப் பிறகு புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். இப்போது குனிந்து அதை வெளியே இழுத்தாள்.

"இந்த வயசுல உனக்கு இது தேவையாக்கா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மூச்சு விடறது எந்த வயசுலயும் தேவைதான்டா" என்றாள். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

எனக்கு அன்று அவள்மேல் ஒரு மரியாதை வந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை, தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

வேலை முடிந்ததும் மாலை வகுப்புக்குப் போனாள். அங்கே பாடம் நடத்திய டீச்சர் பொறுமைசாலி, நாற்பது பேரைக் கட்டி மேய்ப்பவர். கூட்டல், வட்டி, பரப்பளவு எல்லாம் என் நாத்தனாருக்கு வந்துவிட்டன. வராதது கிராஃப். அந்தக் கட்டம் போட்ட தாளைக் கண்டாலே முகம் சுருங்கிவிடும். ஒரு சமன்பாடு கொடுப்பார்கள், அதன் கோடு, படுத்திருக்கும் எக்ஸ் அச்சை எங்கே வெட்டுகிறது, நிற்கும் ஒய் அச்சை எங்கே வெட்டுகிறது என்று கண்டுபிடித்து வரைய வேண்டும். முழுசாக எட்டு மதிப்பெண். "அதை விட்டா உங்களுக்குப் பாஸ் கஷ்டம்மா" என்று டீச்சர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

நான் பத்தாவது பாஸ். அதனால் வீட்டில் வாத்தியார் வேலை என் தலையில் விழுந்தது. அண்டைவீட்டுக்காரர்கள் கேட்டிருந்தால் வழக்கமான சண்டை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"எக்ஸ் அச்சை எங்க வெட்டுதுன்னு கேட்டா எதுக்கு சைபர் போடணும்?"

"எக்ஸுக்கு."

"ஐயோ! ஒய்க்குக்கா, ஒய்க்கு! எத்தனை தடவை சொல்றது?"

"எக்ஸைக் கேட்டா எக்ஸைத்தானே பார்க்கணும்? ஊர்ல இல்லாத நியாயமா இருக்கே!"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கத்தினேன், நூல் நுழையவில்லை. அவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சண்டைக்கு அடுத்த வரி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்.

"இங்க பாரு. ஒய் அச்சுங்கறது என் லிஃப்ட். எக்ஸ் அச்சு கீழ்த்தளத்து வராந்தா. சரியா? வராந்தாவுல எவ்வளவு தூரம் நடந்தாலும் நான் ஒரு மாடிகூட ஏறலை. அப்போ ஒய் சைபர். லிஃப்ட்டுக்குள்ள நின்னா, எந்த மாடியில இருந்தாலும் ஒரு அடிகூட நடக்கலை. அப்போ எக்ஸ் சைபர்."

பள்ளிக்கூடத்தில் நான் இதை நெட்டுருப் போட்டுத்தான் எழுதினேன். ஒருநாளும் எனக்குப் புரிந்ததில்லை. "அதேதான்க்கா" என்றேன். அவள் புத்தகத்தைத் திறந்து பத்துக் கணக்கு போட்டாள், பத்தும் சரி.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தோம். தீரவில்லை. விடை சரியாக வந்தது, கோடுதான் வரவில்லை.

எக்ஸ் கூட்டல் ஒய் சமம் நாலு. இதைவிடச் சுலபமான கணக்கு உலகத்தில் கிடையாது. புள்ளியெல்லாம் கண்டுபிடித்து வைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். கோடு மேலிருந்து அழகாக இறங்கி வந்தது. எக்ஸ் அச்சுக்கு வந்ததும் அதன்மேல் ஒரு கட்டம் படுத்துக்கொண்டு, அப்புறம் மறுபடி இறங்கிற்று. மாடிப்படி நடுவில் தட்டு வருமே, அப்படி.

"நேர்கோடு நேராத்தானேக்கா போகணும்? உங்க கோடு என்ன நடுவுல இளைப்பாறிட்டுப் போகுது?"

"என் கோடாச்சே, அதுக்கும் இளைப்பு இருக்கும்" என்று சிரித்தாள். ஆனால் பென்சில் பிடித்த விரல் வெளுத்திருந்தது.

வகுப்பிலும் இதே கதை. ஸ்கேலை அழுத்திப் பிடிக்கச் சொன்னார் டீச்சர். பென்சிலைக் கூராக்கச் சொன்னார். நான் கை நடுங்குகிறது என்றேன், கண்ணாடியை மாற்றச் சொன்னேன். கண்ணாடியை மாற்றினாள். கோடு மாறவில்லை. பரீட்சை நெருங்கிவிட்டது. ஒருநாள் காலையில் அவள் லாண்டரி மேற்பார்வையாளரிடம் கையுறை அளவு கொடுத்துவிட்டு வந்திருப்பதாக என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. தோற்றுவிடுவோம் என்று அவளே முடிவுகட்டிவிட்டாள்.

மறுநாள் அவள் புதுக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனாள். அதைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குள் ஏறினேன். ஸ்டூலில் அவள், சக்கர நாற்காலியில் காலில் மாவுக்கட்டோடு ஒரு தாத்தா, அவரைத் தள்ளும் ஊழியர், இன்னும் மூன்று பேர். கடைசியாக ஒருவர் ஓடிவந்து நுழைந்து, அவளைக் கேட்காமலே கைநீட்டிப் பலகையில் 'ஒன்று' என்ற பொத்தானை அமுக்கினார். லிஃப்ட் நகரவில்லை. மறுபடி அமுக்கினார்.

"ஐயா, எங்க போகணும்?" என்றாள் என் நாத்தனார்.

"ஒண்ணாம் மாடி, எக்ஸ்ரே."

"நாம நிக்கறதே ஒண்ணுதான் ஐயா. இந்தப் பலகையில அப்படித்தான் போட்டிருக்கான். நீங்க ரெண்டுக்குப் போகணும்." ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொல்கிற குரல் அது, அதில் கோபம்கூட மிச்சமில்லை.

நான் பலகையைப் பார்த்தேன். மேலிருந்து கீழாக ஏழு பொத்தான். ஆறு, ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. அதற்குக் கீழே மைனஸ் ஒன்று.

எனக்கு மண்டையில் யாரோ தட்டியது போல இருந்தது. "அக்கா! சைபர் எங்க?" என்று கத்தினேன்.

லிஃப்டில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னடி?"

"சைபர்! சைபரைக் காணோம்! ஒண்ணு இருக்கு, மைனஸ் ஒண்ணு இருக்கு, நடுவுல சைபர் எங்கக்கா?"

மாவுக்கட்டுத் தாத்தா குனிந்து தரையைப் பார்த்தார். "தங்கமாம்மா? இங்கதான் எங்கயாவது விழுந்திருக்கும், தேடுங்க" என்றார்.

நான் பையைத் துழாவி ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தேன். "அக்கா, ஒய் அச்சுக்கு நம்பர் போடுங்க. யோசிக்காதீங்க, சும்மா போடுங்க."

கதவைப் பிடித்திருந்த கையை எடுக்காமல் மற்றக் கையால் ஒரு கோடு இழுத்து எழுதினாள். நாலு, மூன்று, இரண்டு. வராந்தாவுக்கு நேராக ஒன்று. அதற்குக் கீழே மைனஸ் ஒன்று. எழுதிவிட்டுத் தன் கையையே பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள்.

"அடிப்பாவி!" என்றாள். என்னையா, பலகையையா, தன்னையா என்று தெரியவில்லை. "இத்தனை வருஷமா இதையே பார்த்துப் பார்த்து, கை தானா எழுதுதுடி! ஒண்ணும் வராந்தாவுல, சைபரும் வராந்தாவுல. ரெண்டையும் ஒரே இடத்துல நிக்க வெச்சா, கோடு படுக்காம என்ன பண்ணும்?"

அவ்வளவுதான் விஷயம். எக்ஸ் அச்சுக்கு சைபர் சரியாக எழுதுவாள், அதைக் கண்டுதான் டீச்சரும் நானும் ஏமாந்தோம். பக்கத்திலேயே ஒய் அச்சுக்கு ஒன்று என்ற எண் உட்கார்ந்திருந்ததை யார் பார்த்தது? நாங்கள் இரண்டு பேரும் லிஃப்டுக்குள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். "அம்மா, எக்ஸ்ரே..." என்றார் அந்த ஆள் பரிதாபமாக.

அன்று சாயங்காலம் வெட்டுமேஜையில் சீருடைக்கு வந்த நீலத் துணியை விரித்து, சாக்குக்கட்டியால் பெரிய அச்சு போட்டோம். நடுவில் சைபரைத் தட்டு அளவுக்குப் பெரிதாக வரைந்தேன். எக்ஸ் கூட்டல் ஒய் சமம் நாலு. புள்ளி வைத்தாள், என் நீள ஸ்கேலை வைத்தாள், இழுத்தாள். மேஜையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் ஒரே இழுப்பு, அம்பு மாதிரி நேர்கோடு. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை. அந்தத் துணியை உதறித் தைத்துக் கொடுத்தேன். ஏதோ ஒரு பிள்ளையின் முதுகில் எங்கள் சைபரின் சுவடு கொஞ்சம் போயிருக்கும்.

இருந்தாலும் எனக்குப் பயம். பல வருஷப் பழக்கம் ஒரு வாரத்தில் போகுமா? "மூணாவது புள்ளி ஒண்ணு வெச்சுப் பாருங்கக்கா. ரெண்டு புள்ளியை எப்படி வெச்சாலும் ஸ்கேல் சேர்த்துடும். மூணாவதுதான் குட்டை உடைக்கும்" என்று டீச்சர் சொன்னதையே நானும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். காது புளித்துவிட்டது என்றாள்.

பரீட்சையன்று பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்றேன். மணி அடித்தது. தன்னில் பாதி வயதுக்காரர்கள் நடுவில், தோளில் பையோடு அவள் வந்தாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வந்ததும் என் கையைப் பிடித்துக் கேட்டின் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"மூணு எக்ஸ் மைனஸ் ரெண்டு ஒய் சமம் ஆறு. அதுதான் கேள்வி."

"சரி, சொல்லுங்க!"

"நடக்காம லிஃப்ட்ல நின்னேன். எக்ஸ் சைபர். மைனஸ் ரெண்டு ஒய் சமம் ஆறு, ஒய் மைனஸ் மூணு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, நம்ம ஆஸ்பத்திரியில மைனஸ் ஒண்ணோட சரி. போனா போகட்டும், பூமியைத் தோண்டி மூணு தளம் கீழ போனேன். அப்புறம் வராந்தாவுல நடந்தேன். ஒய் சைபர். மூணு எக்ஸ் ஆறு, எக்ஸ் ரெண்டு. மூணாவது புள்ளி, எக்ஸ் நாலுன்னா ஒய் மூணு. வெச்சுட்டு ஸ்கேலை எடுத்தா..." நிறுத்தினாள்.

"எடுத்தா?"

"சேரலைடி. ஒரு கட்டம் தள்ளி நிக்குது மூணாவது."

"ஐயோ அக்கா..."

"பார்த்தா, வராந்தாவுல ஒண்ணு! கடன்காரக் கை மறுபடி எழுதிடுச்சு. பேனாவுல! நேரம் முடியப் போகுது. எழுந்து நின்னு, 'இன்னொரு கிராஃப் தாள் குடுங்க'ன்னு கேட்டேன். ஹால்ல எல்லாரும் பார்த்தாங்க. பார்க்கட்டும்! தாள் வந்ததும் வேற எதையும் எழுதலை. முதல்ல நடுவுல ஒரு சைபர், உன் துணியில போட்ட மாதிரி பெருசா. அப்புறம்தான் மத்ததெல்லாம். புள்ளி வெச்சேன், ஸ்கேல் வெச்சேன். மூணும் ஸ்கேல் ஓரத்துல வந்து வரிசையா நின்னுச்சு பாரு! லிஃப்டுக்கு ஜனங்க நிக்கற மாதிரி. இல்ல, அவங்க எங்க ஒழுங்கா நிக்கறாங்க, அதைவிட ஒழுங்கா!"

நடுத்தெருவில் அவளைக் கட்டிக்கொண்டேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவளுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். இரண்டு பேரும் டீ குடிக்கப் போனோம்.

முடிவு வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். என் வீட்டுக்காரர்தான் போனில் பார்த்தார். போனை அப்படியே என்னிடம் நீட்டினார். பாஸ். வேண்டியதைவிட ஐந்து மதிப்பெண் கூட. அந்த எட்டு மதிப்பெண் கோடு இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. நான் மெஷினில் பாதித் தையலோடு துணியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

லிஃப்ட் கதவு திறந்ததும் வெளியே நின்றபடியே, "பாஸ்!" என்று கத்தினேன். அவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள், ஏறியிருந்தவர்கள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்கள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு, எல்லாப் பொத்தானையும் வரிசையாக அமுக்கினாள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. ஒவ்வொரு மாடியிலும் தலையை வெளியே நீட்டி, "நான் பத்தாவது பாஸ்!" என்றாள். நர்சுகள் கை தட்டினார்கள். நோயாளிகள் தட்டினார்கள். மூன்றாவது மாடியில் ஒரு டாக்டர் எதற்கு என்று கேட்காமலே தட்டினார். கடைசியில் மைனஸ் ஒன்று. கதவு திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. லாண்டரி ஆட்களைப் பார்த்து, "என் கையுறையை வேற யாருக்காவது குடுத்துடுங்க!" என்றாள்.

புது லிஃப்டுகள் வந்தன. அவளுக்குக் கீழ்த்தளத்தில் குளுகுளு அறை, சுழல் நாற்காலி, ஒன்பது லிஃப்டின் உட்புறமும் தெரியும் திரைகள், பேசுவதற்கு ஒரு மைக். பொத்தான் பலகை மாட்டுவதற்கு முன்னால் மேலாளரிடம் போய் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள். தினமும் நூறு பேர் ஒண்ணாம் மாடிக்கு வழி கேட்கிற கதையைச் சொன்னாள். அவரே ஒருமுறை அப்படி ஏமாந்தவராம், சிரித்துக்கொண்டே சரி என்றார்.

முதல் நாள் பார்க்கப் போனேன். பழக்கதோஷத்தில் நேரே லிஃப்டுக்குள் ஏறிவிட்டேன். ஸ்டூல் இல்லை. கதவு தானே சாத்திக்கொண்டது, யாரோ கூப்பிட்டார்கள் போல, லிஃப்ட் தன் பாட்டுக்கு மேலே போக ஆரம்பித்தது. நான் திருதிருவென்று முழித்தேன். கூரையிலிருந்து அவள் குரல் வந்தது. மூச்சில் விசில் இல்லை, நல்ல கணீரென்ற குரல்.

"எங்கடி போற? பலகையைப் பாரு. சைபரை அமுக்கு, நான் அங்கதான் இருக்கேன்."

ஒன்றுக்கும் மைனஸ் ஒன்றுக்கும் நடுவில் அது புத்தம்புதிதாக உட்கார்ந்திருந்தது. அமுக்கினேன்.